மூடுவிழா அதிகாரிகளின் கனிவான கவனத்துக்கு

அனுப்புநர்: பாசஞ்சர் வண்டி ரசிகன் ஒருவன். நிரந்தர முகவரி இல்லை. காரணம் கீழே.

பெறுநர்: சமூக ஊடக நிறுவனங்களின் தலைமை அதிகாரிகள். (தனித்தனியே பெயர் குறிப்பிடவில்லை. கடிதம் போய்ச் சேர்வதற்குள் பெயர் மாறிவிடுகிறது.)

பொருள்: மீட்டர்கேஜ் வண்டிகளை நடுவழியில் இறக்கிவிட்டது தொடர்பாக.

ஐயா, அம்மா,

நாங்கள் ரயில் பார்க்கிறவர்கள். ஏறிப் போவதற்காக அல்ல, பார்ப்பதற்காகவே பார்க்கிறவர்கள். வண்டி வருகிற நேரத்துக்கு லெவல் கிராஸிங்கில் போய் நிற்போம். என்ஜின் எண்ணையும் அது எந்த ஷெட் என்பதையும் குறித்துக்கொள்வோம். வீட்டில் கேட்டால் பால் வாங்கப் போனதாகச் சொல்வோம். வந்தே பாரத் பக்கம் நாங்கள் அதிகம் போவதில்லை. அதைப் படமெடுக்க அமைச்சகமே ஆள் வைத்திருக்கிறது. எங்களுக்குப் பாசஞ்சர் போதும். ஊர் ஊராக நின்று, எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லூப் லைனில் காத்துக்கிடந்து, கடைசியில் தாமதத்துக்கான திட்டையும் தானே வாங்கிக்கொள்ளும் வண்டி.

இந்தக் கதைகளை வீட்டில் யாரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை என்பதால்தான் உங்களிடம் வந்தோம். நீங்களும் வாசலில் கோலம் போட்டு வரவேற்றீர்கள். எவ்வளவு படம் வேண்டுமானாலும் போடு, காசு வேண்டாம் என்றீர்கள். போட்டோம். பிறகு ஜியோசிட்டீஸ் 2009இல் போனது. ஆர்குட் 2014இல் போனது. பிகாசா 2016இல். 2017இல் போட்டோபக்கெட், மற்ற இடங்களில் தன் படங்களைக் காட்ட வேண்டுமானால் வருடத்துக்கு 399 டாலர் கட்டு என்றது. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் கதவைச் சாத்தியது. ஒவ்வொரு முறையும் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு ஓடினோம். அங்கேயும் கோலம் போட்டிருந்தது.

நம் நாட்டில் தாமதத்துக்குப் பேர்போன துறை ரயில்வே. அதை உங்களோடு ஒப்பிட வேண்டிய நிலை வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்ற 2010 டிசம்பர் கடைசியில் மூடினார்கள். அகலப்பாதையில் போடிக்கு வண்டி வந்தது 2023 ஜூனில். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் ஊர் ஸ்டேஷனை ஆடு மேய்கிற இடமாகத்தான் அறிந்திருந்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பாதை மூடிக்கிடந்த காலத்துக்குள் கூகுள் பிளஸ் என்று ஒன்று 2011இல் பிறந்தது, எல்லோரையும் வா வா என்று கூப்பிட்டது, 2019 ஏப்ரலில் கண்ணை மூடியது. போடிக்குத் தண்டவாளம் போய்ச் சேர்வதற்குள் உலகப் பெரும் நிறுவனமொன்றின் கனவுத் திட்டத்துக்குப் பால் ஊற்றியாகிவிட்டது. 2023இல் போடியில் வண்டிக்கு மாலை போட்டபோது, 2010இன் கடைசி மீட்டர்கேஜ் வண்டிக்குப் போட்ட மாலையை அதன் பக்கத்தில் வைத்துக் காட்ட எல்லோருக்கும் ஆசை. அந்தப் படங்கள் இருந்த தளம்தான் இல்லை. ரயில் திரும்பி வந்துவிட்டது, நீங்கள் வரவில்லை.

பெயர் மாற்றம், எண் மாற்றம் எங்களுக்குப் புதிதல்ல. 2010 டிசம்பர் 20 அன்று ரயில்வே நாடு முழுக்க வண்டி எண்களை ஐந்து இலக்கமாக்கியது. என்ன செய்தார்கள் தெரியுமா? பாண்டியன் எக்ஸ்பிரஸ் 2637ஆக இருந்தது. முன்னால் ஓர் ஒன்றைப் போட்டார்கள், 12637. அவ்வளவுதான் வேலை. பழைய அட்டவணையைக் கையில் வைத்திருந்த தாத்தாவுக்குக்கூட வழி தெரிந்தது. நீங்கள் பெயரை மாற்றும்போதும், ஒருவரை ஒருவர் விலைக்கு வாங்கும்போதும், வடிவமைப்பை அழகுபடுத்தும்போதும் எங்கள் பழைய இணைப்புகளைத் தட்டினால் இந்தப் பக்கம் இல்லை என்று வருகிறது. சில சமயம் பக்கத்தில் ஒரு சோகமான பொம்மை வேறு. பொம்மை வரைய ஆள் இருக்கிறது, முன்னால் ஓர் ஒன்று போட ஆள் இல்லை.

மூட்டை கட்டிக்கொண்டு போகச் சொல்லும் விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களில் ஒருவர் (பெயர் வேண்டாம், அவருக்கே மறந்திருக்கும்) கடையைக் கட்டப்போகும் செய்தியை மின்னஞ்சலில் அனுப்பினார். அது பனியன் தள்ளுபடி விளம்பரங்களோடு போய் உட்கார்ந்துகொண்டது. தற்செயலாகப் பார்த்து, அவசர அவசரமாக எங்கள் சேமிப்பைத் தரவிறக்கினோம். அதில் ஒரு படம்: தென்மாவட்ட மீட்டர்கேஜ் ஸ்டேஷன் ஒன்றில் ஒய்டிஎம்-4 என்ஜின் நிற்காமல் மெதுவாகக் கடக்கிறது. உதவி டிரைவர் படியில் தொங்கியபடி கையை நீட்டுகிறார். பிளாட்பாரத்தில் நிற்பவர் பெரிய வளையம் ஒன்றை உயர்த்திப் பிடித்திருக்கிறார். வளையத்தில் ஒரு பை, பைக்குள் டோக்கன் பந்து. அந்தப் பந்து என்ஜினுக்கு வந்து சேராமல் வண்டி அடுத்த பிளாக்குக்குள் நுழையக் கூடாது. ஒற்றைப் பாதையில் எதிரே இன்னொரு வண்டி வராது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. இதெல்லாம் படமெடுத்தவனுக்குத் தெரியாது. படத்துக்குக் கீழே ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் வந்து பொறுமையாக எழுதினார்: மழையில் வளையம் எப்படி வழுக்கும், இரவில் பிடிப்பவருக்கு இடம் தெரியத் தீப்பந்தம் எங்கே வைப்பார்கள், கை தவறினால் வண்டியை நிறுத்திவிட்டு யார் ஓடிப்போய்ப் பொறுக்கி வர வேண்டும் என்று.

ஜிப் கோப்பைத் திறந்தால் படம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். படத்தின் பெயர் நீளமான ஓர் எண். மாஸ்டர் எழுதிய தமிழ் முழுக்கத் தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகியிருந்தது. அதில் எது மழை, எது வளையம் என்று பிரிக்க முடியவில்லை. தேதி இருக்கிற இடத்தில் தரவிறக்கிய நாளின் தேதி. அதாவது உங்கள் கணக்குப்படி, தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்புக்கு எடைபோட்ட பிறகும் அந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ரயில்வேகூட இப்படியொரு பேய் வண்டி விட்டதில்லை. சரி, மாஸ்டரையே மறுபடி எழுதச் சொல்லலாம் என்று புதிய தளத்துக்கு அழைத்தோம். அவர் மனிதர்தானா என்று சோதிக்க, சிக்னல் விளக்கு உள்ள கட்டங்களைத் தொடச் சொன்னீர்கள். பணிக்காலம் முழுக்க சிக்னல் பார்த்தவர். தேறவில்லை என்று பதில் வந்தது. அவர் எழுந்து காபி குடிக்கப் போய்விட்டார்.

வடிவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் 140 எழுத்துக்குள் எழுது என்றீர்கள். தமிழில் கொம்பும் புள்ளியும் தனித்தனி எழுத்தாகக் கணக்கில் சேரும். நல்லவேளை, 2017இல் 280 ஆக்கினீர்கள். 2019இல் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ‘புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன்’ என்று பெயர் சூட்டினார்கள். பழைய கணக்காக இருந்திருந்தால் ஸ்டேஷன் பெயருக்கே ஏறக்குறைய பாதி இடம் போயிருக்கும். வண்டி புறப்பட்டதைச் சொல்லலாம், எந்த ஊருக்கு என்று சொல்ல முடியாது. அப்புறம் சதுரம். 2015 வரை இன்ஸ்டாகிராமில் சதுரப் படம்தான். பதினெட்டுப் பெட்டி வண்டியில் என்ஜினும் ஒன்றரைப் பெட்டியும் அதில் அடங்கும். இப்போது எல்லாம் நெட்டுக்குத்தாக வேண்டும் என்கிறீர்கள். ஐயா, ரயில் படுக்கைவாக்கில் ஓடுவது. அதை நிமிர்த்தி நிறுத்தினால் ஸ்ரீஹரிகோட்டாவுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

நெட்டுக்குத்துப் படத்தில் என்ன நன்றாக வரும் என்பதை உங்கள் கணிப்பொறிகள் கண்டுபிடித்துவிட்டன. மனிதன். அதிலும் ஓடிவரும் ரயிலுக்கு முதுகைக் காட்டித் தண்டவாளத்தில் ஆடும் மனிதன். 1989ஆம் வருடத்து ரயில்வே சட்டம், பிரிவு 147, அத்துமீறித் தண்டவாளத்தில் இறங்கினால் ஆறு மாதம்வரை சிறை, 1,000 ரூபாய்வரை அபராதம் என்கிறது. உங்கள் சட்டத்தில் அதற்குப் பத்து லட்சம் பார்வை. வேலிக்கு இந்தப்பக்கம் நின்று எடுத்த செமாஃபோர் கைகாட்டிப் படத்தை எங்கள் ஆறு பேருக்குக்கூட நீங்கள் காட்டுவதில்லை. அந்த ஆறு பேரும் மறுநாள் போனில் அழைத்து, ஏன் இப்போதெல்லாம் எதுவும் போடுவதில்லை என்று கேட்கிறார்கள்.

ஊட்டி வண்டி 1908இலிருந்து அதே மீட்டர்கேஜில், அதே பல்தண்டவாளத்தைக் கடித்துக்கொண்டு மலையேறுகிறது. பயனர் அனுபவத்தை மேம்படுத்துகிறேன் என்று எந்த அதிகாரியும் அதன் பல்லைப் பிடுங்கவில்லை. உங்களிடம் நூறு வருடம் கேட்கவில்லை. ஒரு கேஜ் மாற்றம் முடிகிறவரைக்காவது தாக்குப்பிடியுங்கள்.

அது முடியாதென்றால் வேறொரு கோரிக்கை. மீட்டர்கேஜ் பாதைகளை மூடியபோது கடைசி வண்டிக்கு ஊர்மக்கள் மாலை போட்டார்கள், சந்தனம் பூசினார்கள், டிக்கெட்டை வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். டிரைவர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். நீங்களும் மூடுகிற நாளைத் தேதி குறித்து, உங்கள் சர்வருக்கு ஒரு ரோஜா மாலை போட்டு எங்களையும் கூப்பிடுங்கள். கேமராவோடு வருகிறோம். அந்தப் படங்களை எங்கே போடுவது என்பதை மட்டும் அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
லூப் லைனில் காத்திருக்கும் தங்கள் பயனர்

நகல்: பொது மேலாளர், தெற்கு ரயில்வே. தகவலுக்காக மட்டும். இதைப் பாராட்டுக் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சரை எக்ஸ்பிரஸ் என்று சொல்லி, 10 ரூபாய் டிக்கெட்டை 30 ரூபாயாக்கி 2024 தொடக்கம்வரை வசூலித்த கணக்கு தனிக் கடிதமாக வரும்.