தாய்மாமன் நீக்கமும் அம்புலி ஏற்றமும்: ஓர் ஆய்வு

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் புலவர்களை அதிகம் படுத்தியது அம்புலி. குழந்தையோடு விளையாட நிலவை அழைக்க, சாம, பேத, தான, தண்டம் நான்கையும் கையாண்டார்கள். நிலவு வந்ததாகக் குறிப்பு இல்லை. எங்கள் தெரு டிசைனர் தம்பி இரண்டே கிளிக்கில் வரவழைத்து, பிறைமேல் பாப்பாவையும் உட்கார வைத்துவிட்டார். ஐந்தாவது உபாயம் ஒன்று உண்டு, அதன் கூலி இருநூறு ரூபாய் என்பதே இவ்வாய்வின் முதற்கண்டுபிடிப்பு.

நிலவு வேண்டியது என்னை எனின், மடி காலியானமையால் என்க.

மூலப்பிரதி, காதுகுத்தில் எடுத்த குடும்பப் படம். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பாப்பா தாய்மாமன் மடியில் வாய் பிளந்து அழுகிறாள். அன்று மாலை, மச்சானின் மொய்யில் ஒரு பூஜ்யத்தை நோட்டு எழுதியவர் விட்டுவிட்டார். "இனி இந்த வீட்ல கை நனைக்க மாட்டேன்" என்று மச்சான் கிளம்பிப் போனார். முதல் பிறந்தநாள் அழைப்பிதழில் அவர் இருக்கக்கூடாது என்பது என் அம்மாவின் தீர்ப்பு. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று கொண்டது ஆய்வாளரின் பிழை.

படத்திலிருந்து ஆளை நீக்கும் இத்துறைக்கு முன்னோடிகள் உண்டு. மாஸ்கோ கால்வாயோரம் ஸ்டாலின் பக்கத்தில் நடந்த ரகசியப் போலீஸ் தலைவர் நிக்கோலாய் யெஷோவ், 1940இல் சுட்டுக்கொல்லப்பட்ட பின் படத்திலிருந்தும் காணாமல் போனார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் ஓடியது. அதெல்லாம் கைவேலை. ஃபோட்டோஷாப் 1990இல் வந்தது. அதில் லேயர் வந்தது 1994இல், மூன்றாம் பதிப்பில். அதுவரை ஒரே தளத்தில் ஒட்டிக்கிடந்த சொந்தபந்தம் அன்றிலிருந்து தனித்தனி அடுக்கானது. ஒவ்வோர் அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு கண் பொம்மை. கண்ணை மூடினால் ஆள் இல்லை.

"வாட்ஸப்ல வந்த படம் உடையுது சார், டாக்குமென்டா அனுப்புங்க" என்றார் தம்பி. ஐந்துக்கு ஏழு அங்குல அட்டைக்கு, அங்குலத்துக்கு 300 வீதம் 1500க்கு 2100 புள்ளி வேண்டும். நான் அனுப்பியிருந்ததில் மச்சானின் மீசையே ஏழெட்டுச் சதுரம்தான்.

அழுத முகத்தை எடுத்துவிட்டு, வேறொரு படத்தின் சிரித்த முகத்தை வைத்தோம். காலமான அப்பாவைக் கறுப்பு வெள்ளையிலிருந்து வெட்டி, கலர் ஏற்றி, அம்மா பக்கத்தில் நிற்கவைத்தோம். இருப்பவரைப் போகச்செய்து போனவரை வரச்செய்யும் இவ்வித்தைக்குச் சித்தர்கள் காடு மலையெல்லாம் அலைந்தார்கள்.

சிக்கல் அதன்பின் வந்தது.

"மாமாவை எடுத்தாச்சு சார். கை மட்டும் வராது. எடுத்தா பாப்பா வயிறும் போயிடும்."

குழந்தையின் இடுப்பைச் சுற்றி, கல் மோதிரத்தோடு அந்தக் கை. மேலே கரடி பொம்மையை வைத்தோம்; விரல்கள் பொம்மையைப் பிடித்துக்கொண்டன. மேகத்தை வைத்தார், மேகத்துக்குள்ளிருந்து மோதிரம் மின்னியது. கடைசியில், நிலவுக்கே கை முளைத்தது போலத்தான் அச்சுக்குப் போனது.

விழாவன்று மச்சான் வந்து நின்றார். அழைத்தவர் யார் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. மனைவியின் போனைத் திறந்து பார்க்கும் அளவுக்கு ஆய்வாளருக்குத் துணிவும் இல்லை. வாசலில் கட்டியிருந்த, அதே படத்தின் எட்டுக்கு ஆறடி ஃபிளக்ஸையும் தன் விரலையும் மச்சான் மாறி மாறிப் பார்த்தார்.

"கையை மட்டுந்தானே கூப்பிட்டிருக்கீங்க மாப்ள? அது நனைச்சுட்டுப் போகட்டும்" என்று நேரே பந்தியில் போய் உட்கார்ந்தார்.