முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு ஒத்திகை

கேள்வி: பெரிய இரும்புக் கூரையைப் பட்டறையிலேயே பூட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி லாரியில் ஏற்றுகிறார்களே, வேலையற்ற வேலைதானே?

பதில்: கல்யாண ரவிக்கையை முகூர்த்தத்தன்றுதான் முதன்முதலாகப் போட்டுப் பார்ப்பீர்களா? போல்ட் துளை 2 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் தரையில் அது டீ குடிப்பதற்குள் முடிகிற வேலை. எண்பதடி உயரத்தில், கிரேன் வாடகை ஓட ஓட, அதுவே வயிற்றெரிச்சல். வெல்டிங் சூட்டில் இரும்பு சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். வெயிலில் நீளவும் செய்யும்: 100 மீட்டர் நீளம் 10 டிகிரி சூடேறினால் சுமார் 12 மில்லிமீட்டர் கூடும். அதனால் விடியற்காலையில் அளவெடுப்பது நல்லது.

முழுசாகப் பூட்ட இடம் ஏது? மூன்று நான்கு துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, கடைசித் துண்டை மட்டும் நிறுத்திக்கொண்டு அடுத்தவற்றை அதோடு கோப்பார்கள். கழற்றுமுன் மூட்டின் இருபுறமும் ஒரே எண்ணைக் குத்துவார்கள். அதன்மேல் தடிமனாகப் பெயின்ட் அடித்துவிடும் புண்ணியவான்களும் உண்டு!

கணக்கிலேயே ஒத்திகை பார்ப்பதும் உண்டு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 2000-இல் திறக்கப்பட்ட முற்றக் கூரையில் 3,312 கண்ணாடிகள். ஒவ்வொன்றும் தனி அளவு. முட்டுகளை இறக்கினால் கூரை தாழ்ந்து விரியும் என்று கணக்குப் போட்டு, முன்கூட்டியே உயர்த்திக் கட்டினார்கள். நம் வீட்டுப் பரண் கணக்கில்லாமலே தாழ்கிறது.