பன்னிரண்டா, இருபதா?

கேள்வி: மரக்கறித் தோட்டத்தைப் பன்றி உழுது தள்ளுகிறது. பறக்கும் களிமண் தட்டைச் சுடவும் ஆசை. முதல் துவக்கு எதை வாங்கலாம்? (வாசகர், மீரியபெத்த)

பதில்: மாமியாருக்கும் மருமகளுக்கும் சேர்த்து ஒரே சேலை கேட்கிறார் வாசகர்! ஆனாலும் கிடைக்கும்: இரட்டைக் குழல் 12 போர்.

ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அதில் ஒன்றின் அகலமே 12 போர் குழல். ஆகவே 20 போர்தான் சின்னது. இந்தக் கணக்கில் சறுக்காதவர் குறைவு. களிமண் தட்டும் சின்னதுதான்: புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் குறிவைத்த தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர்தான். சாசரை விடச் சிறிது.

துவக்கு எடை குறைவு என்று மயங்கவேண்டாம். அதே தோட்டாவுக்கு இலேசான துவக்குதான் தோளை அதிகம் உதைக்கும். தோட்டா இல்லாத துவக்கைக் கண்ணை மூடித் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். பார்வை குழலின் மேல் நேராக ஓடினால் கட்டை பொருந்துகிறது. ஓடாவிட்டால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இனி லைசன்ஸ் கதை. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் அவரைச் சுட்டது. மின்னலுக்கு லைசன்ஸ் தேவைப்படவில்லை.

வாசகருக்குத் தேவை, இலங்கையின் 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டம் அப்படி. அது கைக்கு வரும்வரை கடைப்பக்கம் போகவேண்டாம். பன்றி வரும் வழியில் கட்டுத்துவக்கு கட்டித் தருகிறேன் என்னும் நண்பர் வீட்டுப் பக்கமும்தான்.