லாட்டில் வந்த நாற்காலி

திருப்பூர் காதர்பேட்டைக்கு என்ன சரக்கு, எப்படி வருகிறது என்று தெரிந்தவருக்கு நாடாளுமன்ற இடைத்தேர்தலைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பத்தாயிரம் டி-சர்ட்டுக்கு ஆர்டர் வந்தால் கம்பெனிக்காரர் பத்தாயிரத்தோடு நிறுத்தமாட்டார். கட்டிங்கில் கொஞ்சம் போகும், தையலில் கொஞ்சம் போகும், செக்கிங் டேபிள் அக்கா கருணையே இல்லாமல் கொஞ்சம் கழித்துப் போடுவார் என்று கணக்குப் போட்டு, கூடவே நானூறோ ஐந்நூறோ சேர்த்து வெட்டுவார். பத்தாயிரம் கப்பல் ஏறும். மீதி லேபிள் வெட்டப்பட்டு, லாட்டாகக் கட்டப்பட்டு, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலிருக்கும் காதர்பேட்டைக்கு வந்து குவியும். கப்பல் ஏறியதெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்கும், சொல்ல ஒன்றுமில்லை. லாட்டைப் பிரித்தால்தான் வேடிக்கை: ஒன்றுக்கு ஒரு கை நீளம், இன்னொன்றில் ஜெர்மன் மொழியில் ஏதோ எழுதியிருக்கும், அதை மாட்டிக்கொண்டு நம்மாள் பல்லடம் சந்தைக்குப் போவார்.

பொதுத்தேர்தல் கப்பல் ஏறும் சரக்கு. இடைத்தேர்தல் லாட். 543 பேர் டெல்லிக்குப் போவார்கள். அதில் ஒருவர் காலமாவார், ஒருவர் ராஜினாமா செய்வார், ஒருவரைச் சபையே வெளியே அனுப்பும். அந்த ஒற்றை நாற்காலிக்காக ஒரு மாவட்டமே சட்டையைக் கிழித்துக்கொள்ளும். தமிழ்நாட்டின் சரித்திரத்தில் பாதியை இந்த ஒற்றை நாற்காலிகள்தான் திருப்பிப் போட்டன என்பது என் கட்சி.

இதில் நமக்கொரு வயிற்றெரிச்சல் உண்டு. 2009இல் மறுபிறவி எடுத்த திருப்பூர் மக்களவைத் தொகுதி, அதிலிருந்து நடந்த நாலு பொதுத்தேர்தலிலும் ஒழுங்காக ஓட்டுப் போட்டது. 2024 தேர்தல் வரைக்கும் இடைத்தேர்தல் என்ற ஒன்றை அது கண்ணால்கூடப் பார்க்கவில்லை. மறுபிறவி என்று சொன்னதற்குக் காரணம், 1952இல் திருப்பூர் என்ற பெயரில் ஒரு தொகுதி இருந்தது. தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் அதில் ஜெயித்தார். 1957 தேர்தலில் பார்த்தால் தொகுதியைக் காணோம். ஆனால் இடைத்தேர்தல் கணக்கை முதலில் தொடங்கி வைத்தவர் நம்மூர் இனிஷியல் உள்ளவர்தான். டி.ஏ. ராமலிங்கம் செட்டியார், அதாவது திருப்பூர் அங்கப்ப ராமலிங்கம். கூட்டுறவு இயக்கத்தைக் கோவைச் சீமையில் ஊன்றியவர். முதல் பொதுத்தேர்தலில் கோவையில் அவரை எதிர்த்து நிற்க ஆள் இல்லை. போட்டியின்றி ஜெயித்தார், அந்த 1952ஆம் வருடமே காலமானார். நாட்டின் முதல் மக்களவை சூடு பிடிப்பதற்குள் கோவை நாற்காலி காலி.

அதற்கப்புறம் நாகர்கோவில். காமராஜர் 1967இல் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது, படுத்துக்கொண்டே ஜெயிப்பேன் என்று சொன்னதாக ஊரெல்லாம் சொல்லும். விருதுநகர்க்காரர்கள் சொந்தப் பிள்ளையை உண்மையிலேயே படுக்க வைத்துவிட்டு, 1,285 ஓட்டு வித்தியாசத்தில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரைக் கோட்டைக்கு அனுப்பினார்கள். நாட்டுக்கே பிரதமர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவருக்கு உட்கார ஒரு பெஞ்சு இல்லை. 1968இல் நாகர்கோவில் எம்.பி. நேசமணி காலமாக, 1969 ஜனவரியில் அங்கே இடைத்தேர்தல் வந்தது. ஆயிரத்து இருநூறு சொச்சத்தில் தோற்றவர் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். விருதுநகருக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டர்கூடக் கிடையாது.

இதெல்லாம் முன்னோட்டம். படம் 1973இல்தான் ரிலீஸ்.

எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து வெளியே அனுப்பப்பட்டு, 1972 அக்டோபர் 17இல் கட்சி தொடங்கினார். ஏழு மாதக் குழந்தை. திண்டுக்கல் தி.மு.க. எம்.பி. ராஜாங்கம் காலமானதால் அந்த நாற்காலி காலியாக இருந்தது. குழந்தையை ஓட விட்டுப் பார்க்கலாம் என்று எம்.ஜி.ஆர். மாயத்தேவர் என்ற வக்கீலை நிறுத்தினார். கட்சி உண்டு, கொடி உண்டு, கூட்டம் எக்கச்சக்கம். சின்னம் மட்டும் இல்லை. சுயேச்சைகளுக்கென்று வைத்திருந்த பட்டியலில் மாயத்தேவர் கைவைத்து எடுத்ததுதான் இரட்டை இலை. பிற்காலத்தில் அந்த இரண்டு இலைக்காக எத்தனை வக்கீல்கள் எத்தனை கோர்ட்டில் எத்தனை நாள் வாதாடினார்கள்! முதன்முதலில் அதை எடுத்தவரும் வக்கீல்தான் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

வாக்குப்பதிவு மே 20. அதற்கு ஒன்பது நாள் முன்னால் மே 11இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியாயிற்று. அந்தப் படம் வெளியானால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று தி.மு.க.வின் மதுரை முத்து சவால் விட்டதாகவும், படம் ஓடிய பிறகு ரசிகர்கள் அவருக்குச் சேலை வாங்கி அனுப்பியதாகவும் கதை உண்டு. ஜவுளி வியாபாரத்தைத் தேர்தலோடு முடிச்சுப் போட்டவர்களில் முத்துதான் முன்னோடி என்று எங்கள் பேட்டை சார்பில் ஒரு மாலை போடலாம். என்ன செய்ய, நமக்குப் பனியன்தான் வரும், சேலை வராது. அந்த ஆர்டர் அப்படியே மதுரைக்குப் போய்விட்டது.

எண்ணிப் பார்த்தால் மாயத்தேவர் ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் முதலிடம். காமராஜரின் பழைய காங்கிரஸ் இரண்டாமிடம். மாநிலத்தை ஆளும் தி.மு.க. மூன்றாமிடம். நாட்டை ஆளும் இந்திரா காங்கிரசுக்கு டெபாசிட்டே போயிற்று. ஒரு நாற்காலியில் நாலு கட்சிக்கு ஜாதகம் எழுதிய தேர்தல் அது. இரட்டை இலையைக் கண்டெடுத்த அதே மாயத்தேவர் 1980இல் அதே திண்டுக்கல்லில் உதயசூரியனில் நின்று ஜெயித்தார். இலைக்கு வெயிலும் வேண்டும்தானே.

இனி நம்ம பக்கம். 1971இல் கோவையில் ஜெயித்தவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. பாலதண்டாயுதம். அப்போது தி.மு.க., இந்திரா காங்கிரஸ், கம்யூனிஸ்ட் மூன்றும் ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. திண்டுக்கல் முடிந்த பதினோராம் நாள், 1973 மே 31, சென்னையிலிருந்து போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் டெல்லி பாலம் அருகே விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். அதில் பாலதண்டாயுதமும் ஒருவர். மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும் ஒருவர். அவர் பாண்டிச்சேரி எம்.பி.

கோவை நாற்காலிக்குக் கம்யூனிஸ்ட் கட்சி யாரை நிறுத்தியது தெரியுமா? மோகன் குமாரமங்கலத்தின் தங்கை பார்வதி கிருஷ்ணனை. அண்ணனும் தோழரும் ஒரே விமானத்தில் போனபின், தோழரின் இடத்துக்குத் தங்கை. இதைச் சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம். ஜமீன்தார் வீட்டுப் பெண், அப்பா டாக்டர் சுப்பராயன் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தவர், படிப்பு ஆக்ஸ்போர்டில், கட்சி கம்யூனிஸ்ட். கோவை மில் தொழிலாளர் சங்கங்களில் புழங்கியவர். 1957இலேயே இந்தத் தொகுதியில் ஜெயித்தவர் என்பதால் வழி சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

நாற்காலி காலியாகி ஒன்பது மாதம் கழித்து 1974 பிப்ரவரியில் தேர்தல். 1971இல் தி.மு.க. தோளில் ஏறி ஜெயித்த கட்சி, இந்த முறை எம்.ஜி.ஆர். தோளில் ஏறி தி.மு.க.வைத் திட்டியது. தொகுதி அதே, அரிவாள் அதே, கதிர் அதே; தோள் மட்டும் வேறு. பார்வதி ஜெயித்தார். கூடவே நடந்த கோவை மேற்குச் சட்டமன்ற இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் அரங்கநாயகம் ஜெயித்தார். அண்ணனின் பாண்டிச்சேரி நாற்காலியும் அ.தி.மு.க.வுக்கே போயிற்று, அரவிந்த பால பழனூர் அதில் உட்கார்ந்தார். பாண்டிச்சேரியில் அப்போதே சட்டசபைத் தேர்தலும் நடந்து, அ.தி.மு.க.வின் முதல் ஆட்சி அங்கே அமைந்து, மூன்று வாரத்தில் கவிழ்ந்தது. ஒரு துணி துவைத்துச் சாயம் போகக்கூட அவகாசம் இல்லை.

குமாரமங்கலம் குடும்பத்துக்கும் காலி நாற்காலிக்கும் இருந்த கணக்கு அத்தோடு முடியவில்லை. மோகனின் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம், பி.ஜே.பி.யின் திருச்சி எம்.பி.யாகவும் மத்திய அமைச்சராகவும் இருந்தபோது 2000 ஆகஸ்டில் காலமானார். திருச்சி இடைத்தேர்தல் 2001 மே மாதம், ஜெயித்தவர் அ.தி.மு.க.வின் தலித் எழில்மலை. அவர் அதற்கு முன்னால் பா.ம.க. சார்பில் மத்திய அமைச்சர். மூன்று தலைமுறை, நாலைந்து கட்சி, ஒரே வீடு.

1979 தஞ்சாவூரைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1977இல் தோற்ற இந்திரா, 1978 நவம்பரில் சிக்மகளூர் இடைத்தேர்தலில் ஜெயித்து உள்ளே போனார். டிசம்பரிலேயே மக்களவை அவரை வெளியேற்றிச் சிறைக்கு அனுப்பியது. அவருக்கு மறுபடியும் ஒரு நாற்காலி தேவைப்பட்டது. தஞ்சாவூரில் எஸ்.டி. சோமசுந்தரம் மாநில அமைச்சராவதற்காக எம்.பி. பதவியை விட்டிருந்தார். வாருங்கள் என்றார் எம்.ஜி.ஆர். டெல்லியில் பிரதமர் மொரார்ஜி முகம் சுளித்தார். உடனே எம்.ஜி.ஆருக்குச் சட்டம் ஒழுங்கு ஞாபகம் வந்தது, வரவேண்டாம் என்றார். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டுப் பந்தியில் இலையை எடுத்தால் எந்தச் சம்பந்திதான் மறப்பார்? தஞ்சாவூரில் காங்கிரசின் சிங்காரவடிவேல் நின்று ஜெயித்தார். இந்திராவோ அடுத்த பொதுத்தேர்தலில் கலைஞரோடு கைகோத்தார். 1980 ஜனவரியில் அந்தக் கூட்டணிக்கு 39இல் 37. எம்.ஜி.ஆருக்கு மிஞ்சியது இரண்டே இரண்டு: சிவகாசி, நம்ம கோபி. பிப்ரவரியில் அவர் ஆட்சியையே கலைத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் நாற்காலி எத்தனை மாதம் தூசி படிந்து கிடக்கலாம் என்று கேட்க ஆளில்லை. 1996இல்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 151அ என்று ஒரு பிரிவைச் செருகி, ஆறு மாதத்துக்குள் நிரப்பு என்றார்கள். அதே திருத்தத்தில்தான் மக்களவைக்கு டெபாசிட் 500 ரூபாயிலிருந்து 10,000 ஆயிற்று. அதற்கு மூன்று மாதம் முன்னால் பக்கத்து மொடக்குறிச்சியில் விவசாயிகள் கோபத்தில் மனுத்தாக்கல் செய்து, ஒரே சட்டமன்றத் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றிருந்தார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகி, தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. சொந்த ஓட்டுகூடத் தனக்கு விழாதவர்களும் உண்டு. கொங்கு நாட்டு விவசாயிக்குக் கோபம் வந்தால் டெல்லியில் விலை ஏறும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சரி, ஆறு மாதச் சட்டம் என்ன ஆயிற்று? முடியாது என்று மத்திய அரசோடு பேசித் தேர்தல் ஆணையம் சான்று கொடுத்தால் தள்ளிப்போடலாம், மிச்சப் பதவிக்காலம் ஒரு வருடத்துக்குக் குறைவென்றால் தேர்தலே வேண்டாம் என்று அதிலேயே இரண்டு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். திருச்சிக்கு எட்டு மாதத்துக்கும் மேல் ஆயிற்று. எம்.பி. வசந்தகுமார் 2020 ஆகஸ்டில் கொரோனாவில் போனபின் கன்னியாகுமரி 2021 ஏப்ரல் வரை காத்திருந்து அவர் மகனை அனுப்பியது.

அமெரிக்க செனட்டில் இந்தத் தொல்லை கம்மி. செனட் நாற்காலி காலியானால் பல மாநிலங்களில் கவர்னரே ஆளைப் போட்டுவிடுவார். ஒபாமா ஜனாதிபதியாகத் தேர்வானதும் காலியான நாற்காலிக்கு விலை பேசினார் என்று இல்லினாய் கவர்னர் பிளகோயவிச் 2008 டிசம்பரில் கைதானார். அந்த மாநிலச் சபை அவர்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேற்றிய நாள் 2009 ஜனவரி 9. அதே ஜனவரி 9இல்தான் மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் சட்டமன்ற இடைத்தேர்தல் ஓட்டுப்பதிவு; ‘ஃபார்முலா’ என்ற சொல்லைக் கணக்கு வாத்தியாரிடமிருந்து பிடுங்கி, ஓட்டுக்குப் பணம் என்ற பொருளில் தமிழக அரசியலுக்குக் கொடுத்த தேர்தல். அங்கே விற்கப் பார்த்தவர் ஜெயிலுக்குப் போனார். இங்கே வாங்கினதாகச் சொல்லப்படுகிறவர்கள் பிரியாணிக் கணக்கு மட்டும் சொன்னார்கள்.

நம்மூர்க்காரர் கதையோடு முடித்துக்கொள்கிறேன். சி.பி. ராதாகிருஷ்ணன் திருப்பூரில் பிறந்தவர். கோவையில் 1998இலும் 1999இலும் ஜெயித்தார். 2004இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயனிடம் தோற்றார் (பார்வதியின் அப்பா இல்லை, இவர் வேறு சுப்பராயன்). 2014, 2019 இரண்டிலும் நின்று பார்த்தார், கோவை அசையவில்லை. ஜார்க்கண்டில் கவர்னர், மகாராஷ்டிரத்தில் கவர்னர் என்று போய்க்கொண்டிருந்தார். 2025 ஜூலையில் குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தன்கர் பாதியில் ராஜினாமா செய்தார். மாநிலங்களவையில் எல்லாருக்கும் மேலே இருக்கும் அந்த உயரமான நாற்காலி காலி. செப்டம்பர் 9இல் தேர்தல். 452க்கு 300 என்று ராதாகிருஷ்ணன் ஜெயித்தார். இதில் ஒரு சூட்சுமம்: மக்களவை இடைத்தேர்தலில் ஜெயித்தவருக்கு மிச்சக் காலம்தான் கிடைக்கும். துணைத் தலைவர் பதவி நடுவில் காலியானால், வருகிறவருக்கு முழுசாக ஐந்து வருடம்.

அந்தத் தேர்தலில் காதர்பேட்டைக்கு ஓட்டு இல்லை, எம்.பி.க்களுக்குத்தான். 2004இல் அவரைத் தோற்கடித்த சுப்பராயன்தான் இப்போது திருப்பூர் எம்.பி.; அவருக்கும் ஓர் ஓட்டு இருந்தது. ரகசிய வாக்கெடுப்பு என்பதால் யார் சீட்டில் யாருக்கு நேராக ஒன்று போட்டார் என்பது சட்டப்படி ஒருவருக்கும் தெரியாது. பேட்டையில் மட்டும் எல்லாருக்கும் தெரியுமுங்க, கடைக்குக் கடை வேற வேற பதிலா.