நக்கீரர் எழுதிய மது மதிப்புரை

குடியைக் கொண்டாடுவதற்கென்றே பத்திரிகை நடத்தும் துணிவு, அமெரிக்காவின் டென்வர் நகரில் 1996இல் ஃபிராங்க் கெல்லி ரிச் என்பவர் 'மாடர்ன் ட்ரங்கர்ட்' இதழைத் தொடங்கியபோதுதான் பிறந்தது என்று மேல்நாட்டார் கருதக்கூடும். ஆனால் அத்தகைய இதழின் உயிர்நாடியான மது மதிப்புரை, அதாவது பானத்தின் பிறப்பிடம், மணம், பதம், பருகும் முறை ஆகியவற்றை எடைபோடும் பத்தி, பாண்டிய நாட்டில் சங்க காலத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. புறநானூற்றின் 56ஆம் பாடலில் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், யவனர், அதாவது கிரேக்க உரோமானிய வணிகர், நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணம் கமழும் தேறலை, அதாவது தெளிந்த மதுவை, மகளிர் பொற்கலத்தில் ஏந்தித்தர நாள்தோறும் பருகி இனிதிருக்குமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். இதில் விடுபட்டது விலை மட்டுமே. அதைக் கொடுக்க வேண்டியவர் புலவர் அல்லர் என்பது காரணமாகலாம். சிவபெருமானின் பாட்டிலேயே பிழை கண்ட நக்கீரர் இவரேதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு; இவரேயானால், அயல்நாட்டுச் சரக்கில் அவர் கண்ணுக்கு ஒரு குற்றமும் தென்படவில்லை என்பது கருதத்தக்கது.

அதே மதுரையின் பொற்றாமரைக் குளக்கரையில் அரங்கேறியதாக மரபு கூறும் திருக்குறளோ, கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிவிட்டு, காமத்துப்பாலுக்கு வந்ததும் காதலின் உயர்வை விளக்கக் கள்ளையே துணைக்கு அழைக்கிறது.

அச்சு யுகத்தில் மதுவுக்கென்று தமிழ் கண்ட இதழ் 'விமோசனம்'. 1920களின் இறுதியில் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி, கல்கியின் துணையோடு வெளியிட்ட அவ்விதழுக்கும் பேசுபொருள் மதுவே. அதை ஒழிக்க வேண்டும் என்ற ஒன்றில்தான் டென்வர்க்காரரிடமிருந்து அது வேறுபட்டது.

இன்று மதுரையில் கொண்டாட்ட இதழ் தோன்ற வழியில்லை. கள் 1987 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் எனப்படும் அரசு வாணிபக் கழகத்தின் தனியுரிமை. போட்டிக் கடை இல்லாத இடத்தில் விளம்பரத்துக்குத் தேவையில்லை, விளம்பரமின்றி இதழ் நடத்த முதலாளி இல்லை. எஞ்சியிருக்கும் மது இலக்கியம் புட்டியில் ஒட்டிய லேபிள் மட்டுமே. மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு என்ற 'விமோசன'க் கொள்கையை, விற்கும் அரசே அதில் அச்சிட வைக்கிறது. கட்டிங், அதாவது ஒரு குவார்ட்டரை இருவர் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு, நடைபெறும் வேளையில் அந்த லேபிளை இருவரும் கண்கொட்டாமல் உற்றுநோக்குவது உண்மையே. சரிபாதி எங்கே வருகிறது என்று பார்ப்பதற்கு அதைவிட நம்பகமான அடையாளம் புட்டியில் வேறில்லை.