இளவரசனுக்கும் கடன் உண்டு

சிண்ட்ரெல்லாவைப் பழங்கால இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், கேலியும் கிண்டலுமாகக் காதல் நாவல் எழுதுகிறவர்கள்மேல் ஒரு புகார் உண்டு: குழந்தைகளின் கதையைக் கெடுத்துவிட்டார்களாம். ஷார்ல் பெரோ 1697-இல் அச்சேற்றிய பிரெஞ்சுக் கதையைப் படித்தால், கேலியை ஆரம்பித்துவைத்ததே அவர்தான் என்று தெரியும். பதினான்காம் லூயியின் அரசில் உத்தியோகம் பார்த்தவர் அல்லவா, பெரிய இடத்து ஆட்களைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறார். அவருடைய தேவதை, பூவாளிக்குப் பின்னால் கிடந்த ஆறு பல்லிகளைச் சரிகை உடுப்புப் போட்ட சேவகர்களாக்கி வண்டிக்குப் பின்னால் ஏற்றிவிடுகிறாள். ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் வேலை. பல்லிக்குச் சொல்லியா தரவேண்டும்? எலிகளில் நல்ல தாடியுள்ளதாகப் பார்த்துப் பொறுக்கி, மீசைக்கார வண்டியோட்டியாக்குகிறாள். அக்காமார் நடனத்துக்குப் போகும் பூரிப்பில் கிட்டத்தட்ட இரண்டு நாள் சாப்பிடாமலே இருக்கிறார்கள். இடுப்பு சிறுக்கவேண்டுமென்று இறுக்கிய இறுக்கில் ஒரு டஜனுக்குமேல் கயிறுகள் அறுகின்றன. கடைசியில் பெரோ சொல்லும் நீதிகளில் ஒன்று, எத்தனை திறமை இருந்தாலும் சிபாரிசுக்கு ஆள் இல்லாவிட்டால் பயனில்லை என்பது. இதையா குழந்தைகளுக்காக எழுதியிருப்பார்?

எலோய்சா ஜேம்ஸ் என்ற புனைபெயரில் எழுதும் ஷேக்ஸ்பியர் பேராசிரியர் மேரி ப்ளை, 2010-இல் இதே கதையை நாவலாக்கினார். அதில் இளவரசனுக்குக் கோட்டை இருக்கிறது, ஒண்டவந்த உறவுக்கூட்டமும் இருக்கிறது, காசுதான் இல்லை. ஆகவே பணக்காரப் பெண் தேடுகிறான். அதிகப்படியான கற்பனை என்பவர்கள் நிஜ வரலாற்றைப் பார்க்கலாம். பிற்பாடு நான்காம் ஜார்ஜ் ஆன இங்கிலாந்து இளவரசர், 6 லட்சம் பவுனைத் தாண்டிய கடனைத் தீர்க்க வழியில்லாமல்தான் 1795-இல் கரோலினை மணந்தார். பெண்ணை முதன்முதலாகப் பார்த்ததும் அவர் கேட்டது ஒரு கிளாஸ் பிராந்தி. கண்ணாடிச் செருப்பை நம்புகிறவர்கள் கடன்கார இளவரசனை நம்பத் தயங்குவானேன்?

சிரிப்பு புகுந்தால் காதல் போய்விடும் என்பது அடுத்த ஆட்சேபம். பழைய கதையில் எங்கே இருந்தது காதல்? இரண்டு இரவு பக்கத்திலேயே இருந்தவன், அவளை அடையாளம் காணச் செருப்பை நம்புகிறான். அதையும் ஆள் விட்டுத்தான் மாட்டிப்பார்க்கிறான். நாவலில் இருவரும் வாய்க்கு வாய் சண்டை போட்டாகவேண்டியிருக்கிறது. அந்தச் சாக்கிலாவது ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்கிறார்கள். அந்தக் காலத்துப் பெண் இப்படியா பேசுவாள் என்று கேட்டால், சில இடங்களில் நியாயமான கேள்விதான். ஆனால் ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட நாவலின் எலிசபெத்துக்கு நாக்கு ஒன்றும் குட்டையில்லை. முடிவு தெரிந்த கதைதானே என்பார்கள். கல்யாணத்தோடு முடியும் என்பதுதான் தெரியும்; பெரோ விட்டுவைத்தவை ஏராளம். சிண்ட்ரெல்லா தன் கல்யாணத்தன்றே அக்காமார் இருவரையும் இரண்டு அரசவைப் பிரபுக்களுக்குக் கட்டிவைத்துவிடுகிறாள். அந்தப் பிரபுக்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அதில் மட்டுமே இரண்டு நாவல் தேறும்.