கட்டாயப் பாடம்

1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தினால் இங்கிலாந்து தேசத்துப் பாடசாலைகளில் கட்டாயமாக்கப்பட்ட ஒரே பாடம் கணிதமுமன்று, தாய்மொழியுமன்று, மதபோதனையே என்பதும், பெற்றோர் விரும்பினால் பிள்ளையை விலக்கிக்கொள்ளவும் ஆசிரியர் விரும்பாவிடில் மறுத்துவிடவும் அதே சட்டம் அனுமதித்தது என்பதும், சமரசக் கலையில் அந்நாட்டார் எய்திய சித்தியைக் காட்டுவனவாம். ஆங்கிலத் திருச்சபையார், ஏனைய சபையார், ஆசிரியர், ஸ்தல அதிகாரிகள் என நான்கு குழுவினரும் ஒருமனதாகப் பாடத்திட்டம் வகுக்க வேண்டுமென்பது விதி. ஆண்டவனைப் பற்றி நான்கு குழுவினரும் ஒருமனப்பட்ட பின் மாணவனுக்குச் சொல்ல எஞ்சுவது யாது என்று வினவுவது மரியாதையன்று. 2020-இல் மனித உறவுகள், தேகாரோக்கியம் ஆகிய பாடங்களும் இடைநிலைப் பள்ளிகளில் கட்டாயமாயின. வாலிபப் பிராயத்தின் இந்தச் சூக்ஷ்மங்களையெல்லாம் உபதேசிக்கும் பாக்கியம், பல பள்ளிகளில், அதற்கெனப் பயின்றவருக்கன்றி, கால அட்டவணையில் அந்த மணி நேரம் ஓய்வாயிருக்க நேர்ந்த பூகோள ஆசிரியருக்கே வாய்க்கிறது.